அறிமுக இயக்குநர்

“இதுதான் உங்க முதல் படமா மேடம்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

திரைப்பட விழாச் செயலாளர் கேட்ட விதமே சரியில்லை. நல்ல செய்தியோடு வருகிறவர் இப்படி நாற்காலி நுனியில் உட்கார மாட்டார்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? நாப்பத்தெட்டு வயசுல எடுத்த முதல் படம். விண்ணப்பத்துலயே எழுதியிருக்கேனே,” என்றாள் அவள்.

“அறிமுக இயக்குநர் பரிசுக்கு நடுவர்கள் அஞ்சு பேரும் உங்க படத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்காங்க. நாளைக்குச் சாயங்காலம் அறிவிக்கணும்.”

சந்தோஷப்பட அவகாசம் கிடைக்கவில்லை.

“ஆனா ஒரு கடிதம் வந்திருக்கு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடியே நீங்க ஒரு முழுப் படம் இயக்கிட்டீங்களாம். உங்க வீட்டு சார் பேர்ல வந்த படம்.”

சமையலறையில் கணவர் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“யார் எழுதினது?”

“பேரைச் சொல்லாம முதல்ல உங்க பதிலைக் கேட்டுட்டு வரச் சொல்லியிருக்காங்க. ஷூட்டிங் ஆரம்பிச்ச ரெண்டாம் நாளே சார் மஞ்சள் காமாலையில படுத்துட்டாராம். உதவி இயக்குநரா இருந்த நீங்கதான் மிச்ச நாப்பது நாளும் நின்னு எடுத்தீங்களாம். தயாரிப்பாளருக்குத் தெரிஞ்சா படத்தையே நிறுத்திடுவார்னு யூனிட்ல யாரும் வாயைத் திறக்கலையாம்.”

அத்தனையும் உண்மை. அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். முதன்முதலாக ‘ஆக்‌ஷன்’ சொன்னபோது அவளுக்குக் குரலே எழும்பவில்லை. பகலெல்லாம் படப்பிடிப்பு, சாயங்காலம் ஆஸ்பத்திரி. அன்று எடுத்ததை ஒவ்வொரு ஷாட்டாக அவள் சொல்லச் சொல்ல, அவர் மஞ்சளேறிய கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் எழுந்து நடமாடியபோது படமே முடிந்திருந்தது. அதற்குத்தான் இதே விழாவில் இதே பரிசு அவருக்குக் கிடைத்தது. வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தவரைக் கிட்டத்தட்ட மேடைக்குத் தள்ளிவிட்டவள் அவள்தான்.

அப்புறம் அவர் எடுத்த இரண்டு படங்கள் வந்த சுவடே தெரியவில்லை. இன்றைக்கும் அந்த ஒரு படத்துக்காகத்தான் அவரைக் கூட்டங்களுக்கு அழைக்கிறார்கள், கல்லூரியில் பாடமெடுக்கச் சொல்கிறார்கள். அதுவும் போனால் அவரிடம் என்ன மிஞ்சும்?

யாராக இருக்கும்? ஒளிப்பதிவாளரா? சண்டை போட்டுக்கொண்டு போன அந்த மேனேஜரா? இத்தனை வருஷம் மனதில் வைத்திருந்து இப்போது கழுத்தறுக்கிறார்கள்.

“பொய்,” என்றாள். “அது அவர் படம். ஒரு ஷாட்கூட நான் எடுக்கல.”

“மேடம், விதி உங்களுக்கே தெரியும். ஏற்கெனவே படம் இயக்கினவங்களுக்கு...”

“பரிசைப் பத்திக் கவலையில்ல. வேற யாருக்காவது கொடுத்துடுங்க. நானே விலகிக்கிறேன்னு இப்பவே எழுதித் தர்றேன். ஆனா அந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்க. அவர் காதுக்கு இது போகவே கூடாது. தாங்க மாட்டார்.”

செயலாளர் அவளையே பார்த்தார். பிறகு சாத்தியிருந்த கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

கதவு திறந்தது. தட்டில் மூன்று கோப்பைத் தேநீரோடு கணவர் வந்தார்.

“என்னங்க, நீங்க கொஞ்சம் உள்ள இருங்களேன். இது சும்மா ஆபீஸ் விஷயம்.”

அவர் போகவில்லை. தட்டை வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

செயலாளர் அவர் பக்கம் திரும்பினார். “கேட்டுட்டேன் சார். எல்லாமே பொய்னு ஒரேயடியா மறுக்கறாங்க.”

“அப்படித்தான் சொல்லுவா,” என்றார் கணவர், ஒரு கோப்பையை எடுத்து மனைவியின் கையில் கொடுத்தபடி. “கடைசிப் பக்கத்துல அதையும் எழுதியிருந்தேனே, நீங்க படிக்கலையா?”