ஸ்கேன் கவர்

"பேஷண்ட் முன்னாடி எதுவும் சொல்லிட வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லிருங்க சிஸ்டர்" என்று வசுமதி முன்கூட்டியே கெஞ்சி வைத்திருந்தாள். அப்பாவிடம் வெறும் வாயுத் தொல்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். கூப்பிட்டதும் இருவரும் உள்ளே போனார்கள். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு இவர்களைப் பார்த்தார். அப்பா இஸ்திரி போட்ட சட்டையும் மையடித்த மீசையுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தூக்கமில்லாமல் கன்னம் ஒட்டிப்போயிருந்தவள் வசுமதிதான். "நீ கொஞ்சம் வெளிய இரும்மா. அப்பாகிட்ட பேசிக்கிறேன்" என்றார் டாக்டர். தன்னை நோயாளி என்று நினைத்துவிட்டார் என்பது அவளுக்கு உறைப்பதற்குள் சிஸ்டர் அவளை வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். வசுமதி கதவைத் தட்டினாள். "நாங்கெல்லாம் காத்துட்டு இருக்கோமில்லையா? உக்காரும்மா!" என்று காத்திருந்த கூட்டம் சத்தம் போட்டது. கடைசியில் கதவு திறந்தது. அப்பா ஸ்கேன் கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். "வெறும் வாயுதானாம் கண்ணு" என்றார். எப்போதும்போல் கவரை வாங்கிக்கொள்ள அவள் கையை நீட்டினாள். அவர் அதை மறு அக்குளுக்கு மாற்றிக்கொண்டார். "நாந்தான் அப்பவே சொன்னேன்லப்பா" என்று வசுமதி சிரித்தாள்.