மஞ்சள் ஸ்வெட்டர்

"மூணு வாரமாச் சொல்றேன், டார்லீன் அக்கா. எல்லாரும் கருப்புல வர்றோம். நீங்க மட்டும் மஞ்சள் ஸ்வெட்டர்" என்றார் சங்கத் தலைவர் வெண்டல்.

ஒஹாயோவின் அந்தச் சிற்றூர் நூலக மாடியில் வியாழன்தோறும் கூடும் மற்ற எட்டுப் பேரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். கணவர் இறந்தபின் டார்லீனுக்கென்று இருப்பவர்கள் இவர்கள்தான். அவளுடைய உருளைக்கிழங்கு சாலட்டை வழித்துத் தின்பவர்களும் இவர்கள்தான்.

"மஞ்சள் எனக்குப் பிடிக்கும், தம்பி."

"பிடிக்கிறது வேற, கட்டுப்பாடு வேற. அடுத்த வாரமும் இப்படி வந்தா பேரை எடுத்துருவோம்."

"சேரும்போது என்ன சத்தியம் வாங்குனீங்க? எவனுக்கும் அடங்க மாட்டேன், என் இஷ்டப்படிதான் இருப்பேன்னுதானே?"

"ஆமா. எல்லாரும் ஒரே குரல்ல சொன்னோம். அதுலயும் நீங்க அரை வார்த்தை பிந்திட்டீங்க."

"யார் பேர்ல சத்தியம்?"

வெண்டல் சுவரைப் பார்த்தார். அங்கே கொம்பு வைத்த படம் ஒன்று தொங்கியது.

"சாத்தான் பேர்ல" என்றார், குரல் இறங்கி.

"கடவுளுக்கே அடங்காதவரை மாட்டி வச்சுக்கிட்டு என் ஸ்வெட்டருக்குக் கமிட்டி கூட்டுறீங்க. இதுக்கு நான் சர்ச்சுலயே இருந்திருப்பேனே, தம்பி."

எட்டுப் பேரும் குனிந்து தங்கள் கருப்பு உடையைப் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த வியாழன், இருக்கிற நட்பும் போய்விடுமோ என்று பயந்து, டார்லீன் கருப்பு உடுத்திப் போனாள். உள்ளே எட்டுப் பேரும் மஞ்சள் ஸ்வெட்டரில் உட்கார்ந்திருந்தார்கள்.

வெண்டல் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னக்கா இது, நீங்க மட்டும் கருப்புல?"