பழைய சக்கரத்தின் இறக்கைகள்

விசைப்படகின் பம்புக்குள் இறக்கைகளோடு சுற்றும் ரப்பர் சக்கரம்தான் கடல்தண்ணீரை இழுத்து இன்ஜினைக் குளிரவைக்கும். அது தேய்ந்துவிட்டதென்று டிரைவர் அருளப்பன் கழற்றிப் பலகையில் போட்டுவிட்டு, புதியதை மாட்டினார். அப்படியும் தண்ணீர் ஒழுங்காக வரவில்லை.

“உடம்பு கொதிக்குது. இந்தப் புதுப்பயலைக் கழற்றி வீசினாத்தான் சரிப்படும்,” என்றது இன்ஜின்.

“புகையோட தண்ணியும் வந்தாத்தான் எனக்கு உயிர். வெறும் புகைன்னா வெந்துருவேன்,” என்றது புகைக்குழாய். “பழையவரே தேவல.”

“முழுமூச்சாத்தான் சுத்துறேன்,” என்றது புதுச் சக்கரம். யாரும் காதில் வாங்கவில்லை.

பலகையில் கிடந்த பழைய சக்கரத்துக்குக் கேட்கக் கேட்க இனித்தது. “என் காலத்துல இப்படி ஒரு பேச்சு வந்ததுண்டா?” என்றது.

அருளப்பன் இன்ஜினை நிறுத்தினார். பழையதையே திரும்ப மாட்டலாம் என்று கையில் எடுத்துப் புரட்டினார். அதன் இறக்கைகளில் மூன்றைக் காணோம். அவை எங்கே போயிருக்கும் என்று யோசித்தவர், பம்புக்கு அடுத்த குழாயைக் கழற்றி விரலை விட்டுத் துழாவினார். தண்ணீரின் வழியை அடைத்திருந்த ரப்பர் துண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

மறுபடி ஓடவிட்டதும் புகைக்குழாய் குபுகுபுவென்று தண்ணீரைத் துப்பியது.

“அண்ணே, அந்தத் துண்டெல்லாம் உங்களோடதா?” என்று கேட்டது புதுச் சக்கரம்.

“உழைச்ச உடம்பு தம்பி,” என்றது பழையது. “அப்படித்தான் உதிரும்.”