விரத நாளில் வெண்ணெய் வாசம்

"பெரிய நோன்புல தலைக்கு வெண்ணெயா! இந்த வயசுல யாரை மயக்கப் போறீங்க அக்கா?"

பக்கத்து வீட்டு அஸ்காலே காபி குடிக்க வந்தவள், வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள். லாலிபெலா மலைப்பக்கம் நோன்பு முடியும்வரை பாலையும் வெண்ணெயையும் யாரும் தொடமாட்டார்கள். கூந்தலுக்குத் தடவுவதுகூடக் கிடையாது.

தெருநேஷின் நரைத்த தலையிலோ வெண்ணெய் உருகிக் கழுத்துவரை வழிந்தது.

"தலை காயுதுடி. உக்காரு," என்று காபியை ஊற்றினாள்.

"மாசமா இருக்கிற மருமக வெறும் கடலைமாவு ஷிரோ குழம்போட நோன்பு இருக்கா. மாமியாருக்கு மினுக்கு கேக்குதாக்கும்! என் மகளும்தான் மாசமா இருக்கா. சொட்டு வெண்ணெய் தொட்டிருப்பாளா?"

மருமகள் ஹிருத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மகன் தாவித்துக்கு ஐந்து வயது. அஸ்காலேயின் மூன்று வயதுப் பேத்தியோடு நின்றால் இரண்டு பேரும் ஒரே உயரம்.

மூன்று சுற்றுக் காபியையும் குடித்து, திட்டையும் திட்டி முடித்துத்தான் அஸ்காலே கிளம்பினாள்.

"போய்ட்டா. சாப்பிடு." தெருநேஷ் மூடியிருந்த சட்டியைத் திறந்தாள். குழம்பின் மேல் வெண்ணெய் மிதந்தது.

"எனக்காக ஊரே உங்களைப் பார்த்துச் சிரிக்குது அத்தை!"

"சிரிச்சுட்டுப் போகட்டும். புள்ளத்தாச்சி சாப்பிடலாம்னு பாதிரியாரே சொல்லிட்டாரு. ஊர் வாய்க்குப் பயந்து, தாவித் வயித்துல இருந்தப்ப நீ காஞ்சு கிடந்தே. பாவம், அவன் வளரவே மாட்டேங்கிறான். இதாவது நெடுநெடுன்னு வளரணும். என் தலை இப்படி மணக்கிறப்ப உன் சட்டியை எவடி மோந்து பார்க்கப் போறா?"

ஹிருத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இஞ்ஜெரா அப்பத்தைப் பிய்த்து, வெண்ணெயில் நன்றாகத் தோய்த்துச் சாப்பிட்டாள்.

மறந்துபோன சால்வையை எடுக்கத் திரும்பி வந்த அஸ்காலே, இதையெல்லாம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வந்த சுவடே தெரியாமல் வீட்டுக்குப் போனாள். சால்வையைக்கூட எடுக்கவில்லை.

மறுநாள் ஊற்றில் தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் வாயைப் பிளந்தார்கள். அஸ்காலேயின் தலையில் வெண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

"அடியேய்! நோன்பும் அதுவுமா யாரை மயக்கப் போறே?"

அஸ்காலே குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சிரித்தாள்.

"ஆளு இன்னும் பொறக்கலை. வரட்டும், காட்டறேன்!"