உன் பக்கம்

கட்டிலுக்கு வலது பக்கம் அண்ணன், இடது பக்கம் அக்கா. நடுவில் நான், தூங்குகிறவன்போல் இமை இடுக்கில் பார்த்துக்கொண்டு.

அண்ணன் கையில் திருநீற்றுப் பொட்டலம். அக்கா கையில் ஜெப எண்ணெய்ச் சீசா. இருந்தது ஒரே ஒரு நெற்றி.

சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். இனி வலிக்கு ஊசி மட்டும்தான். மருத்துவர்கள் கையை விரித்ததும் கடவுள்கள் சுறுசுறுப்பாகிவிட்டார்கள்.

அக்கா மதம் மாறிச் சபைக்குப் போன நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அம்மா செத்தபோதுகூட ஆளுக்கொரு மூலையில் நின்றுதான் அழுதார்கள்.

சபையில் போகிறவன் வருகிறவன் எல்லோரும் அக்காவுக்குச் 'சகோதரர்'. கூடப்பிறந்தவன் மட்டும் 'அவர்'. அண்ணனோ மடத்துச் சொற்பொழிவாளன். மேடை ஏறினால் உலகமே ஒரே குடும்பம் என்பான். இறங்கி வந்து என்னிடம், "உன் அக்கா எப்படி இருக்கா?" என்பான். எனக்கு மட்டும் அக்கா. அவனுக்கு யாரோ.

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். அண்ணனின் சொற்பொழிவு நூலும் அக்காவின் சபைத் துண்டறிக்கையும் என் மேஜைக்குத்தான் வரும். இருவர் சொர்க்கத்திலும் பிழை களைந்தவன் நான். 'இறப்புக்குப் பின்' என்று வரும் இடத்தில் இருவருக்குமே 'ப்' விட்டுப்போயிருக்கும்.

போவதற்குள் எனக்கு ஒரே ஆசை. இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசி ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.

"கொஞ்சம் தள்ளி நின்னா நல்லா இருக்கும்," என்றாள் அக்கா, சலைன் பாட்டிலைப் பார்த்து.

"தம்பி என்னைத்தான் வரச் சொன்னான்," அண்ணன் ஜன்னலுக்குப் பதில் சொன்னான். "'உன் பக்கம் வரணும்போல இருக்கு'ன்னு அவன் வாயாலயே சொன்னான்."

"அது என்கிட்ட சொன்னது. போன்ல. அழுதுட்டே சொன்னான்."

அழவில்லை. அது இருமல்.

"உன்கிட்ட எதுக்குடி சொல்றான்?"

'டி' விழுந்துவிட்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டா சொல்லக் கூடாது? இவன் என்ன உன் மடத்துச் சொத்தா?"

'அவர்' அடிபட்டு 'டா' வந்துவிட்டது. அவர்கள் கவனிக்கவில்லை. திருத்தியே பழகிய எனக்கு மட்டும் கேட்டது. இந்த ஒரு இடத்தில் நான் கை வைக்கத் தேவையில்லை.

"மெதுவா பேசு. எந்திரிச்சிடப் போறான்."

"நீ சொல்றியா, மைக்செட்டு? நீ பேசினா கீழ் மாடி வரைக்கும் கேக்கும்."

மைக்செட்டு, பள்ளிக்கூட நாளில் அக்கா அவனுக்கு வைத்த பெயர். அவன் சீடர்களுக்குத் தெரியாது.

செவிலியர் எட்டிப் பார்த்து, யாராவது ஒருவர் மட்டும் இருங்கள் என்றார்.

ஒருவர் போனால் இந்தப் பேச்சும் போய்விடும்.

"இல்ல சிஸ்டர்," என்றான் அண்ணன். 'சிஸ்டர்' என்று யாரோ ஒருத்தியைக் கூப்பிடுவதில் அவனுக்குச் சிரமமே இருந்ததில்லை. ஆனால் அடுத்த வார்த்தையில் கொஞ்சம் தடுமாறினான். "இவ... இவ என் தங்கச்சி. ரெண்டு பேரும் இருக்கோம்."

அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. செவிலியர் போனதும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடங்கினாள்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை, பாவம். காலையில் தனித்தனியாக அழைத்து, எழுத்து மாறாமல் இருவரிடமும் அதையே சொன்னவன் நான்தான். தன் கடவுள் ஜெயித்துவிட்டார் என்று ஆளுக்கொரு பக்கமாக ஓடி வந்திருக்கிறார்கள்.

நான் எந்தக் கடவுளையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை.

சின்ன வயதில், ஒற்றை அறை வீட்டில் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே பாய். நடுவில் நான். விளக்கை அணைத்ததும் இரண்டு பக்கமும் கிசுகிசுப்பு ஆரம்பமாகும். என் பக்கம் வாடா என்று ஒரு காதில் அவன், என் பக்கம் வாடா என்று மறு காதில் அவள். பிறகு எனக்கு மேலாகவே ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவேன். அப்படி ஒரு தூக்கம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

இப்போது மல்லாந்து கிடக்கிறேன். யார் பக்கமும் திரும்பவில்லை.

திரும்பினால் சண்டை முடிந்துவிடும்.