டீக்கடையில் இருந்த போன்

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி இருதயராஜின் சட்டைப்பையில் இரண்டு போன்கள் இருந்தன. ஒன்று அவருடையது, மற்றது கம்பெனி கொடுத்தது.

கம்பெனி போனுக்கு எப்போதும் பதற்றம்தான். "பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் நான் எங்க இருக்கேன்னு ஆபீசுக்குச் சொல்லணும். சந்தேகம் வந்தா அங்க இருந்தே எனக்குள்ள இருக்கிறதையெல்லாம் அழிச்சிடுவாங்க."

அன்று மகளின் பள்ளியில் நாடகம். லீவு கிடைக்கவில்லை. இருதயராஜ் கம்பெனி போனை ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் சார்ஜ் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

"ஐயோ, ஆபீசுக்கு நான் என்ன சொல்ல?" என்று அது அலறியது.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றது சட்டைப்பையிலிருந்து சொந்த போன்.

மூன்று மணி நேரமும் கம்பெனி போன் "ஆஸ்பத்திரி வாசல்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்து "இருதயராஜ் எங்கே?" என்று கேட்பார்களோ என ஒவ்வொரு முறையும் நடுங்கியது. யாரும் கேட்கவில்லை.

அவர் திரும்பி வந்தபோது ஆபீசிலிருந்து ஒரு செய்தி காத்திருந்தது. "இன்று ஆஸ்பத்திரியில் அதிக நேரம் உழைத்தவர் இருதயராஜ். பாராட்டுகள்!"

"நான் ஒரு பொய்கூடச் சொல்லலையே!" என்று புலம்பியது கம்பெனி போன்.

இருதயராஜ் செய்தியை இரண்டு முறை படித்தார். பிறகு டீக்கடைக்காரரிடம் மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, நாளைக்கும் இந்த பிளக் காலியா இருக்குமா?"