தட்டிப் பார்க்கும் பாடம்

பள்ளித் தோட்டத்தில், தக்காளிப் பாத்தியை ஒட்டி முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. மண்புழுப் பாடமும் சரித்திரப் பாடமும் இதே குழியில்தான். கிடைப்பது எதுவானாலும் மண்கரண்டியால் மூன்று முறை தட்டிக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், ஓடா கல்லா இரும்பா என்று சத்தமே சொல்லிவிடும் என்பது டீச்சர் சொல்லிக்கொடுத்த பாடம். வகுப்பிலேயே குட்டையானவள் என்பதால் சுண்டெலி என்று பேர் வாங்கிய பிள்ளை இப்போது குழிக்குள் குந்தியிருக்கிறாள். அவள் மடியில் பூசணிப் பிஞ்சு அளவுக்குத் துருவேறிய ஒன்று. அதன் வால்பக்கம் சின்னச் சின்னத் தகடுகள். சண்டை ஓய்ந்து முப்பது வருடம் ஆகியும் மண்ணுக்குள் வெடிக்காமல் கிடந்த குண்டு.

"இரும்புதான் டீச்சர்! ணங்குன்னு கேக்குது!"

டீச்சர் அந்த வால் தகடுகளைப் பார்த்துவிடுகிறாள். கத்தினால் பிள்ளை திடுக்கிட்டுக் கீழே போட்டுவிடும். "மத்தவங்க எல்லாரும் கேட்டுக்குப் போங்க. ஓடக் கூடாது, மெதுவா போங்க." குரல் தேன்போல வருகிறது, எங்கிருந்து வருகிறதென்று அவளுக்கே தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பூனை மாதிரி குழியை நோக்கி அடி வைக்கிறாள். தக்காளி இலையில் ஒரு தும்பி உட்கார்ந்து எழுகிறது. "ஆடாம அசையாம இரு கண்ணு. கரண்டிய எங்கிட்ட குடு."

சுண்டெலி முகம் சுருங்குகிறது. பாதியில் விடுகிற பிள்ளை இல்லை அவள்.

"மூணு தடவன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க? ரெண்டுதான் ஆச்சு."

கரண்டி மேலே போகிறது.